வேலையிடத்தில் தன்னம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலைக்குச் சேர்ந்து 18 வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல், புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை பழக்குவதும் என் பொறுப்பு. வேலையைப் பற்றி அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லாரும் கிளம்பிய பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அந்தக் கேள்விகளோடு முதல் ஐந்தாறு வருடம் நானும் அல்லாடியிருக்கிறேன். அதனால் அவற்றையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

"கொஞ்சம் தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் பெரிய வேலையை ஏற்றுக்கொள்ளலாம்" என்று இருக்கிறேன். அது எப்போது வரும்?

காத்திருந்தால் வராது. வேலையைச் செய்த பிறகுதான் வரும். இந்த வரிசை புரியாமல் நான் இழந்த வருடங்கள் நிறைய. அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1970-களில் இந்த விஷயத்தை ஆராய்ந்தது, பாம்பைக் கண்டாலே உறைந்துபோகிற அளவுக்குப் பயம் உள்ளவர்களிடம்தான். ஒரு பிரிவினர், வேறொருவர் பாம்பைக் கையாளுவதைப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர், துணைக்கு ஆள் நிற்க, படிப்படியாகத் தாங்களே தொட்டுப் பழகினார்கள். பார்த்தவர்களுக்கும் தைரியம் கூடியது. தொட்டவர்களுக்கு அதைவிட அதிகமாகக் கூடியது. "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற எண்ணம் நான்கு வழிகளில் உருவாகிறது என்று 1977-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் எழுதினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது.

நாமோ பெரும்பாலும் மூன்றாவதைத்தான் தேடி அலைகிறோம். யாராவது "உன்னால முடியும்" என்று சொல்ல மாட்டார்களா என்று பார்க்கிறோம். ராத்திரி கேட்ட ஊக்கப் பேச்சின் சூடு, மறுநாள் காலையில் மெயிலைத் திறக்கும்போதே ஆறிவிடுகிறது. அதில் குற்றமில்லை, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த ஆய்வில் நான் பிடித்துக்கொண்டது "துணைக்கு ஆள் நிற்க, படிப்படியாக" என்ற பகுதியை. மாதாந்திர அறிக்கையை எல்லார் முன்னாலும் விளக்குவது உங்கள் பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் எண்களை மட்டும் தயார் செய்யுங்கள். அடுத்த மாதம் அறிக்கை உங்கள் பெயரில் மெயிலாகப் போகட்டும். மூன்றாம் மாதம் ஒரே ஒரு பக்கத்தை நீங்கள் விளக்குங்கள், மீதியை வழக்கமாகச் செய்பவர் செய்யட்டும். நான்காம் மாதம் முழுவதும் உங்களுடையது, அவர் பக்கத்தில் இருப்பார். இப்படி ஏற்பாடு செய்து தரும்படி மேனேஜரிடம் கேட்கலாம். நான் பார்த்தவரை, இப்படிக் கேட்கிறவர்களைப் பெரும்பாலான மேனேஜர்களுக்குப் பிடிக்கும்.

நண்பர்களிடம் நன்றாகப் பேசுகிறேன். ஆபீசில் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறது?

தன்னம்பிக்கை என்பது ஆளுக்கு மொத்தமாக இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்பட்ட ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அது தனித்தனியாகச் சேருகிறது. சமையலில் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுகிறவர், முதல்முறை கார் ஓட்டும்போது வியர்த்துப்போவார். ஆகவே "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிட்டு, "எனக்கு இந்த வேலை இன்னும் பழகவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். எந்த வேலை என்று பெயர் சொல்ல முடிந்தால், எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாரும் என்னைத் திறமைசாலி என்கிறார்கள். ஒருநாள் என் சாயம் வெளுத்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம். எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லை. இதைப் பற்றி முதலில் எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள். 1978-ல் வந்த அவர்களுடைய கட்டுரை, படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு அவர்களுக்கு இருந்த அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. பட்டமும் பதவியும் கையில் இருந்தும், "இதெல்லாம் அதிர்ஷ்டம், மற்றவர்கள் என்னைத் தப்பாக எடை போட்டுவிட்டார்கள்" என்றே அந்தப் பெண்கள் நம்பினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. நோய் என்று கிளான்ஸும் ஐம்ஸும் சொல்லவில்லை, ஓர் அனுபவம் என்றுதான் சொன்னார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நன்றாக முடிந்த வேலையை அது "சும்மா அமைந்தது" என்று தள்ளுபடி செய்யும். சொதப்பிய வேலையை மட்டும் உங்கள் பெயரில் வரவு வைக்கும். இப்படிக் கணக்கு எழுதினால் எத்தனை வருடம் ஆனாலும் இருப்பு ஏறாது.

எனக்கு உதவியது ஒரு சாதாரண நோட்டு. வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் பத்து நிமிடம் எடுத்து மூன்று விஷயம் எழுதுவேன். என்ன வேலை வந்தது, அதில் முதலில் எங்கே சிக்கினேன், எப்படி வெளியே வந்தேன். பாராட்டை எழுத மாட்டேன், பாராட்டை மனது எப்படியும் நம்பாது. எப்படி வெளியே வந்தேன் என்பதைத்தான் எழுதுவேன். "கூட்டுத்தொகை இரண்டு தாளிலும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு துறையாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு துறையின் கணக்கு இரண்டு முறை ஏறியிருந்தது." இவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், அதிர்ஷ்டம் என்று சொல்ல இடமே இருக்காது. அதிர்ஷ்டம் ஒவ்வொரு துறையாகப் பிரித்துப் பார்ப்பதில்லையே.

அப்ரைசல் நேரத்தில் இந்த நோட்டு வேறு விதத்திலும் கைகொடுக்கும். வருடம் முழுக்கச் செய்ததை ஒரே சாயங்காலத்தில் நினைவுபடுத்திப் பார்த்தால், கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் வரும்.

தன்னம்பிக்கை கூடிப்போய் தலைக்கனம் ஆகிவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் "தெரியாதவன்தான் துள்ளுவான்" என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதில் வைத்த தேர்வுகளில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் சராசரிக்கு மேலே தங்களை வைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. நன்றாகச் செய்தவர்கள் தங்கள் இடத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தங்களுக்கு எளிதாக வந்தது மற்றவர்களுக்கும் எளிதாகவே வந்திருக்கும் என்று நினைத்ததுதான் காரணம். மற்றவர்களின் விடைத்தாளைப் பார்க்கக் கொடுத்ததும், தங்கள் மதிப்பீட்டை அவர்கள் சரிசெய்துகொண்டார்கள்.

அதனால் சக ஊழியர்களின் வேலையைப் பார்க்கும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். அவர்கள் எழுதிய அறிக்கையைச் சரிபார்க்கக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு உண்மையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று இரண்டுமே அதில் தெரிந்துவிடும்.

மீட்டிங்கில் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. வாய்வரை வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நீளமான மேஜை, பன்னிரண்டு பேர். புதிய நடைமுறை ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டால் வேறு யார் போடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். நோட்டின் ஓரத்தில் எழுதினேன். கேட்கலாமா என்று யோசித்தேன். இது எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கும், கேட்டால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எதிரே இருந்தவர் அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில் கேட்டார். விளக்கிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல கேள்வி, நாங்க இதை யோசிக்கவே இல்லை" என்றார். பேனாவால் அடித்த அந்த வரியையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவை இவை.

முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள். நேரம் போகப் போக மௌனம் கெட்டிப்படும். "அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்பதுகூடப் போதும். அந்த அறையில் உங்கள் குரலை நீங்களே ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த முறை பாதி சுமை குறைந்துவிடும்.

கருத்துச் சொல்வதைவிடக் கேள்வி கேட்பது எளிது. கருத்துக்கு அரண் கட்ட வேண்டும், கேள்விக்கு வேண்டியதில்லை.

எழுதிவைத்ததை அப்படியே வாசிக்கலாம். தாளைப் பார்த்து வாசித்தால் மதிப்புக் குறையும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான் மதிக்கும் பல பேர் இன்றைக்கும் தாளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

பேசியபின் "உளறிவிட்டேனே" என்று தோன்றும். தோன்றட்டும். 2000-ல் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் மாணவர்களுக்குச் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். உங்கள் குரல் தடுமாறியதை ஞாபகம் வைத்திருப்பவர் அநேகமாக நீங்கள் ஒருவர் மட்டுமே.

பிரசன்டேஷன் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. அமைதியாவது எப்படி?

அமைதியாக முயல வேண்டாம். படபடப்பை ஒரே நிமிடத்தில் அமைதியாக மாற்றுவது யாருக்கும் கடினம். அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்கள் முன் பாடவோ பேசவோ வேண்டியவர்களில் சிலரைத் தொடங்கும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உற்சாகத்திலும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். உடம்பு தயாராகிறது என்று எடுத்துக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் ஹார்மோனே மாறிவிடும் என்று ஒரு பேச்சு உலாவுகிறது. 2010-ல் சிறிய அளவில் நடந்த ஆய்வு அது. 2015-ல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. நிற்பதால் நஷ்டமில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் முதல் மூன்று வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதையே நான் சிபாரிசு செய்வேன். முதல் மூன்று வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நான்காவது தானாக வரும்.

பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டேன். இனி யார் முகத்திலும் எப்படி முழிப்பது?

என் மூன்றாம் வருடம். மாதக் கணக்குத் தாளை 40 பேருக்கு அனுப்ப வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு ஃபைல். போன மாதத்துத் தாளை இணைத்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது. காது இரண்டும் சுட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கவனிக்கிறார்களா பார்ப்போம் என்று ஒன்றரை மணி நேரம் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு பேர் அந்தத் தாளை நம்பி அடுத்த கட்ட வேலையை முடித்தே விட்டார்கள். தப்பான ஃபைலை அனுப்பியதற்கு யாரும் கோபப்படவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நான் சொல்லித் தருவது: என்ன தப்பு, எப்போது நடந்தது, என்ன திருத்தினேன், இன்னும் யாருக்கு என்ன பாதிப்பு. இந்த நான்கும் நான்கு வரியில். "11:20-க்கு அனுப்பிய தாளில் இருப்பவை போன மாதத்து எண்கள். சரியான தாளை இதில் இணைத்திருக்கிறேன். பழையதை வைத்து யாராவது வேலை தொடங்கியிருந்தால் சொல்லுங்கள், நானே திருத்தித் தருகிறேன்." மன்னிப்பு ஒருமுறை போதும். ஐந்து முறை கேட்டால், தப்பைச் சரிசெய்ய வேண்டியவர்கள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில் காரணம் புரிந்தது: அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்லப் பயமில்லை, மற்ற குழுக்களில் மூடி மறைத்தார்கள். பேசினால் ஆபத்தில்லை என்ற இந்தச் சூழலை 1999-ல் வந்த கட்டுரையில் அவர் உளவியல் பாதுகாப்பு என்று குறிப்பிட்டார்.

தப்பு செய்ததை எழுந்து சொன்ன ஒருவரை, அடுத்த முறை முக்கியமான வேலைக்கு நம்பிக் கூப்பிட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கும் அது நடந்தது, கொஞ்சம் தாமதமாக.

யாராவது குறை சொன்னால் இரண்டு நாள் தூக்கம் போய்விடுகிறது.

குறை சொல்வது எப்போதும் நன்மை செய்யும் என்று நினைப்பதே தவறு. க்ளூகர், டிநிசி இருவரும் 1996-ல் அதுவரை வந்த ஃபீட்பேக் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில் ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலை இன்னும் மோசமானது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

சொல்கிறவரை நாம் மாற்ற முடியாது. காதில் விழுந்ததை வேலையின் பக்கம் திருப்ப முடியும். "உங்க வேலையில கவனமே இல்லை" என்று ஒருவர் சொன்னால், "எந்த இடத்தில் என்று காட்ட முடியுமா? அடுத்த முறை அங்கே பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். இடத்தைக் காட்டினால் திருத்த ஏதோ கிடைத்தது. காட்ட முடியவில்லை என்றால், அந்த வாக்கியத்தைத் தலையணைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இன்னொன்று: அவர் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது மனதில் பெரிதாக வளர்ந்திருக்கும். தாளில் பார்த்தால், "மூன்றாம் பக்கத்தில் தேதி விட்டுப்போயிருக்கிறது" என்ற அளவில்தான் இருக்கும்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துகிறார், கேலி செய்கிறார். இதையும் என் வளர்ச்சிக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். அவமானத்தால் யாரும் வளர்வதில்லை. நாள், நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று குறித்துவையுங்கள். எச்.ஆரிடமோ, அவருக்கு மேலே இருப்பவரிடமோ அந்தக் குறிப்போடு பேசுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் வேறு வேலை தேடுவது தோல்வி ஆகாது. தன்னம்பிக்கை இல்லை என்று என்னிடம் வந்த சிலருக்கு உண்மையில் குறைவாக இருந்தது நல்ல மேனேஜர்தான். இடம் மாறிய மூன்றாம் மாதம் அவர்களின் நடையே மாறியிருந்தது.

என்னோடு சேர்ந்தவர்கள், எனக்குப் பின்னால் வந்தவர்கள்கூட மேலே போய்விட்டார்கள்.

வலிக்கும். வலிக்காது என்று சொல்ல மாட்டேன். அவர்களின் பதவியைப் பார்ப்பதை விட்டு, அவர்கள் செய்யும் ஒரே ஒரு காரியத்தைப் பாருங்கள். மெயிலை எப்படிச் சுருக்கமாக எழுதுகிறார்கள், கஷ்டமான கேள்வி வந்தால் எத்தனை விநாடி யோசிக்கிறார்கள். பதவியைப் பார்த்தால் பொறாமை மட்டும்தான் மிஞ்சும். காரியத்தைப் பார்த்தால் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

ஆபீசில் பேசும் மொழி என் தாய்மொழி இல்லை. சரளமாகப் பேசுகிறவர்கள் முன் கூனிக்குறுகிப் போகிறேன்.

சரளத்தையும் அறிவையும் ஒன்றாக நினைப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். வேகமாகப் பேசுகிறவரின் பேச்சை ஒருநாள் எழுதிப் பாருங்கள். சில சமயம் மூன்று நிமிடப் பேச்சில் ஒரு வரிதான் தேறும். அந்த ஒரு வரியை நீங்கள் மெதுவாகச் சொன்னாலும் மதிப்பு அதேதான்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் வேலைக்குத் தினமும் தேவைப்படும் வாக்கியங்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. "இது எப்போது வேண்டும்?", "இதில் எனக்கு ஒரு சந்தேகம்", "நாளை மதியத்துக்குள் முடித்துவிடுவேன்", "இதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, காரணம் இது". இப்படி ஒரு முப்பது வாக்கியங்களைச் சேகரித்து, தனியாக இருக்கும்போது உரக்கச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொன்னால் போதாது, நாக்குக்குப் பழக வேண்டும். தேவைப்படும் நேரத்தில் "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

உதவி கேட்டால், ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களே?

2008-ல் ஃபிளின், லேக் என்ற இரு ஆய்வாளர்கள், முன்பின் தெரியாதவர்களிடம் சிறு உதவிகள் கேட்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். எத்தனை பேரிடம் கேட்டால் ஒருவர் சம்மதிப்பார் என்று முன்கூட்டியே கணிக்கவும் சொன்னார்கள். உண்மையில் சம்மதித்தவர்கள் கணிப்பைவிட மிக அதிகம். கேட்கிறவருக்குத் தெரிவது தன் சங்கடம் மட்டும்தான். கேட்கப்படுகிறவருக்கு "முடியாது" என்று சொல்வதும் சங்கடம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

எப்படிக் கேட்கிறோம் என்பதில் வித்தியாசம் உண்டு. "இது எனக்கு வரலை" என்று கொண்டுபோய் வைத்தால் எதிரில் இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இதுவரை இப்படிப் பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறேன், இரண்டு வழி தோன்றுகிறது, எது சரி?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிறவரை யாரும் தெரியாதவர் என்று நினைப்பதில்லை. இரண்டு முறை யோசித்தவர் என்றே நினைப்பார்கள்.

சில வருடம் வேலையை விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாமே மாறியிருக்கிறது.

மாறியிருப்பது பெரும்பாலும் கருவிகள்தான். ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த மென்பொருளில் லீவு போடுவது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை ஆறேழு வாரத்தில் பிடித்துவிடலாம். ஒரு வேலை எங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரிவது, கோபத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் உங்களிடமே இருக்கிறது. முதல் மாதம் தெரியாததை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். இடைவெளிக்காக யாரிடமும் நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம். "சில வருடம் வேலையில் இல்லை, இப்போது திரும்பி வந்திருக்கிறேன்." அவ்வளவு போதும்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்? 21 நாள் என்கிறார்களே?

பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது. ஒரு மீட்டிங்கில் பேசாமல் வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த மீட்டிங் எப்படியும் வரும்.

இது வெறும் தயக்கமா, டாக்டரிடம் போக வேண்டியதா, எப்படித் தெரியும்?

பயத்தால் வேலைக்கே போக முடியாமல் லீவு போடுகிறீர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, திடீரென்று மூச்சு முட்டுகிற அளவுக்குப் பயம் வருகிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து என்று இதற்கு நல்ல பலன் தரும் வழிகள் இருக்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே, அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லி, உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எதையும் அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான் இப்போது சீனியர். புதிதாக வந்தவருக்குத் தைரியம் வர நான் என்ன செய்யலாம்?

பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். அவர்கள் செய்யக்கூடிய அளவில் ஒரு வேலையைக் கொடுத்து, அது அவர்கள் பெயரிலேயே வெளியே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "நல்லா பண்ணீங்க" என்பதோடு நிறுத்தாமல் எதை என்று சொல்லுங்கள்: "அந்த இரண்டாவது அட்டவணையைத் தனியாகப் பிரித்தீர்களே, அதனால்தான் எனக்குச் சட்டென்று புரிந்தது." உங்கள் பழைய தப்பு ஒன்றை அவர்களிடம் சொல்லுங்கள். நான் அந்த 40 பேர் மெயில் கதையைப் புதிதாக வரும் எல்லாருக்கும் முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

மேலே ஒரு மீட்டிங்கைச் சொன்னேன் இல்லையா, கேள்வியை எழுதி நானே அடித்துவிட்டது. அன்று என் பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மீட்டிங்குக்குப் போகும்போது வராந்தாவில் கூடவே நடந்து வந்து, "இன்னைக்கு என்ன சந்தேகம் இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார். சொன்னேன். மீட்டிங் நடுவே, பேச்சு சற்று ஓய்ந்த இடத்தில், என் பக்கம் திரும்பி, "வரும்போது ஒண்ணு கேட்டீங்களே, அதை இங்க கேளுங்க" என்றார். பன்னிரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. கேட்டேன். குரல் உடைந்தது. பதில் கிடைத்தது. மீட்டிங் தொடர்ந்தது.

அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் மீட்டிங்கில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் புதியவரின் நோட்டை ஒருமுறை பார்த்துவிடுவேன், ஓரத்தில் எதையாவது எழுதிக் கோடு போட்டு அடித்திருக்கிறார்களா என்று.